ஃபியூச்சர் கன்டினியுவஸ் கற்பித்தல்: வடிவம் ஒரு வகுப்பு, பயன்பாடு பல மாதங்கள்

ஆங்கிலம் கற்கும் பெரியவர்களுக்குப் பல ஆண்டுகளாக வகுப்பெடுத்து வருகிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பள்ளியில் ஆங்கில இலக்கணத்தை ஒருமுறை படித்து முடித்தவர்கள். இப்போது வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ அதைப் பேச்சிலும் எழுத்திலும் பழக்கத்துக்குக் கொண்டுவர வருபவர்கள். டென்ஸ் பாடங்களில் ஆசிரியர்கள் கவலையோடு அணுகுவது பெர்ஃபெக்ட் வகைகளைத்தான். ஃபியூச்சர் கன்டினியுவஸோ, பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட அந்தப் பழகிய அட்டவணையில் ஒரு கட்டமாக வந்து, ‘வில் பி’ என்பதோடு ‘இங்’ சேர்ந்த வினையை ஒட்டினால் போதும் என்ற ஒற்றை வரியோடு கடந்துபோய்விடுகிறது. அதன் விளைவை வகுப்பில் தொடர்ந்து காண்கிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் எல்லோரும் சரியாக நிரப்புகிறார்கள். பேசும்போது அந்த வடிவம் வேண்டிய இடத்தில் வருவதில்லை, வேண்டாத இடத்தில் தவறாமல் வருகிறது.

வடிவத்துக்கு நான் அதிக நேரம் ஒதுக்குவதில்லை. ‘நாளை இந்நேரம் எழுதிக்கொண்டிருப்பேன்’ என்று இயல்பாகச் சொல்லக்கூடிய ஒருவருக்கு, ஒரு செயலை அது நடந்துகொண்டிருக்கும் நிலையில் எதிர்காலத்தில் வைத்துப் பார்ப்பது எப்படி என்று விளக்க வேண்டியதில்லை. அந்தத் தமிழ் வினையைக் கரும்பலகையில் பிரித்து எழுதுவேன்: ‘எழுதிக்கொண்டு’, ‘இரு’, ‘ப்ப்’, ‘ஏன்’. அதற்குக் கீழே ‘ஐ’, ‘வில்’, ‘பி’, ‘ரைட்டிங்’ என்று ஆங்கிலத்தை எழுதி, ஒத்த பகுதிகளைக் கோடிட்டு இணைக்கச் சொல்வேன். ‘ஏன்’ என்ற விகுதி ‘ஐ’ என்பதோடும், காலம் காட்டும் ‘ப்ப்’ ‘வில்’ என்பதோடும், ‘இரு’ ‘பி’ என்பதோடும், ‘எழுதிக்கொண்டு’ ‘ரைட்டிங்’ என்பதோடும் சேரும்போது, கோடுகள் எல்லாம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும். தமிழ் கடைசியில் சொல்வதை ஆங்கிலம் முதலில் சொல்கிறது என்பதை அந்தப் படமே காட்டிவிடுவதால், சொல்வரிசையைத் தனியாக மனப்பாடம் செய்ய வைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

இதற்குப் பிறகும் இரண்டு பிழைகள் எஞ்சுகின்றன. ஒன்று ‘பி’ விடுபட்டு ‘ஐ வில் கமிங்’ என்று வருவது. மற்றொன்று ‘இங்’ விடுபட்டு ‘ஐ வில் பி கம்’ என்று வருவது. விதியை மீண்டும் சொல்லி இவற்றைத் திருத்த முயல்வதில் பயனில்லை, ஏனெனில் காரணம் காதில் இருக்கிறது. இயல்பான வேகத்தில் பேசுபவர் ‘ஐ வில் பி’ என்று மூன்று சொற்களாக ஒலிப்பதில்லை. ‘ஐல்பி’ என்று ஒரே மூச்சில், அழுத்தமின்றி, ஏறக்குறைய விழுங்கிவிட்டு, முழு அழுத்தத்தையும் அடுத்து வரும் வினையின் மீது வைக்கிறார். கேட்பவரின் காதில் ‘பி’ விழாதபோது, பேச்சிலும் அது வராது. ஆகவே பாடத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிறு கேட்டல் பயிற்சி வைக்கிறேன். ‘ஐல் ஒர்க்’, ‘ஐல் பி ஒர்க்கிங்’, ‘ஐட் பி ஒர்க்கிங்’, ‘ஐவ் பின் ஒர்க்கிங்’ என்ற நான்கையும் வெவ்வேறு வாக்கியங்களில் கலந்து விரைவாகப் படிப்பேன். மாணவர்கள் எத்தனைச் சொற்கள் கேட்டன என்பதை மட்டும் எழுத வேண்டும். எதிர்மறை வடிவத்துக்கும் இதே பயிற்சி தேவை, ஏனெனில் ‘வோண்ட் பி’ என்பதை ‘வான்ட் டு பி’ என்று கேட்டு, வரமாட்டேன் என்று சொன்னவரை வர விரும்புபவராக எடுத்துக்கொள்ளும் குழப்பம் தொலைபேசி உரையாடல்களில் உண்மையாகவே நேர்கிறது. பிறகு வாய்ப் பயிற்சியில் ‘வில்பி’ என்பதைப் பிரிக்க முடியாத ஒரே துண்டாகப் பழக்குகிறேன்.

பயன்பாட்டுக்கு வரும்போது பாடநூல்களின் வரிசையை நான் பின்பற்றுவதில்லை. ‘நாளை இந்நேரம்’ என்று தொடங்கும் வாக்கியங்களை அவை முதலில் வைக்கின்றன. நான் ‘இப்போது’ என்பதிலிருந்து தொடங்குகிறேன். ‘ஹி வில் பி ஸ்லீப்பிங் நவ்’ என்ற வாக்கியம் எதிர்காலத்தைப் பற்றியதே அன்று. கண்ணால் காணாத ஒன்றைப் பற்றி இந்தக் கணத்தில் நாம் செய்யும் உறுதியான ஊகம். ஆங்கிலப் பாடநூல்கள் இந்தப் பயன்பாட்டைக் கடைசியில் ஓர் அடிக்குறிப்பாகத் தருவது வேறு மொழியினருக்குப் பொருந்தலாம். தமிழில் ‘இப்போது தூங்கிக்கொண்டிருப்பார்’ என்று அதே வடிவத்தில் அதே பொருளில் நாம் அன்றாடம் சொல்கிறோம் என்பதால், நமக்கு இதுவே மிக எளிய வாசல்.

இதற்கு உலக நேர வேறுபாட்டைப் பயன்படுத்துவேன். டோக்கியோவின் நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஒன்பது மணி நேரம் முன்னால் இருக்கிறது; லண்டன் குளிர்காலத்தில் பொது நேரத்தோடு ஒத்திருக்கிறது; நியூயார்க் அப்போது ஐந்து மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. டோக்கியோவில் மாலை 6 மணி என்றால் லண்டனில் காலை 9, நியூயார்க்கில் விடியற்காலை 4. மூன்று ஊர்களிலும் ஒரு மருத்துவர், ஒரு மாணவர், ஒரு பேருந்து ஓட்டுநர் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று கேட்டால், வகுப்பில் யாரும் வடிவத்தை யோசித்துக்கொண்டிருப்பதில்லை; நியூயார்க் மருத்துவர் இரவுப் பணியில் இருப்பாரா என்று விவாதிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த இடத்தில் ‘மஸ்ட் பி ஸ்லீப்பிங்’, ‘மே பி ஸ்லீப்பிங்’ ஆகியவற்றையும் பக்கத்தில் வைத்து, ஊகத்தின் உறுதி எப்படி மாறுகிறது என்று காட்டிவிடலாம். ‘வில்’ என்பதைக் காலம் காட்டும் உறுப்பாகக் கொள்ளாமல் ‘மே’, ‘மஸ்ட்’ போன்றவற்றின் குடும்பத்தில் சேர்த்துப் பார்க்கும் மொழியியலாளர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த விவாதத்தை வகுப்புக்குக் கொண்டுவரத் தேவையில்லை என்றாலும், ஆசிரியர் அதை மனத்தில் வைத்திருப்பது பின்னால் உதவும்.

ஊகம் பழகிய பிறகு ‘இப்போது’ என்ற இடத்தில் ‘நாளை காலை 9 மணிக்கு’ என்று மாற்றுவதுதான் அடுத்த அடி. இங்கே நான் வற்புறுத்தும் கருத்து ஒன்றே: இந்த டென்ஸுக்கு ஒரு நேர முளை வேண்டும். மாட்டைக் கட்ட முளை அடிப்பதுபோல், நடந்துகொண்டிருக்கும் செயலைக் கட்டிவைக்கக் காலத்தில் ஒரு புள்ளியை முதலில் அடித்துக்கொள்ள வேண்டும். தத்துவ அறிஞர் ஹான்ஸ் ரைக்கன்பாக் 1947இல் வினைக்காலங்களை விளக்கும்போது, பேசும் நேரம், செயல் நடக்கும் நேரம் ஆகிய இரண்டோடு, நாம் எந்த நேரத்திலிருந்து அச்செயலைப் பார்க்கிறோம் என்ற மூன்றாவது நேரத்தையும் சேர்த்தார். நான் முளை என்று சொல்வது அந்த மூன்றாவது நேரத்தைத்தான். ‘ஐ வில் பி ரீடிங்’ என்று மட்டும் ஒரு மாணவர் சொன்னால், ‘எப்போது பார்க்கையில்?’ என்று கேட்பேன். ‘அட் நைன்’, ‘திஸ் டைம் டுமாரோ’, ‘வென் யூ கால்’ என்று ஏதாவது ஒன்றைச் சொல்லும் வரை விடுவதில்லை. சில நேரங்களில் முளை முந்தைய வாக்கியத்திலோ மற்றவர் கேட்ட கேள்வியிலோ இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று விரலால் சுட்டிக்காட்டச் சொல்வதும் ஒரு நல்ல பயிற்சி. புள்ளிக்குப் பதில் ஒரு நீண்ட நேரமும் முளையாகலாம் என்பதை ‘ஆல் டே டுமாரோ ஐல் பி டிராவலிங்’ போன்ற வாக்கியத்தால் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

முளை புரிந்ததா என்று அறிய ஒரு வாக்கியச் சோடியைப் பயன்படுத்துகிறேன். ‘வென் தே அரைவ், வி வில் ஈட்’ என்பது ஒன்று. ‘வென் தே அரைவ், வி வில் பி ஈட்டிங்’ என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்லாமல் வரையச் சொல்வேன். முதல் படத்தில் வருகையும் உணவும் அடுத்தடுத்து வர வேண்டும். இரண்டாம் படத்தில் உணவு ஒரு நீண்ட கோடாக முன்பே தொடங்கியிருக்க, வருகை அதை நடுவில் வெட்ட வேண்டும். பிறகு எது மரியாதையான விருந்தோம்பல் என்று கேட்டால், காத்திராமல் சாப்பிடத் தொடங்கிவிட்டவர்கள் யார் என்பது எல்லோருக்கும் விளங்கிவிடும். வரையத் தெரியாது என்று சொல்பவர்களையும் வரைய வைப்பது நல்லது. சரியான விடையைச் சொல்லும் ஒருவர் தவறான படத்தை வரைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அங்கேதான் உண்மையான ஐயம் வெளிப்படுகிறது.

இதே சோடியில் மற்றொரு பழைய பிழையும் தலைகாட்டும்: ‘வென் தே வில் அரைவ்’. தமிழில் ‘அவர்கள் வரும்போது’ என்று சொல்லும்போது ‘வரும்’ என்ற எதிர்காலப் பெயரெச்சம் உள்ளே இருக்கிறது. மாணவர் அந்த எதிர்காலத்தை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகிறார். ‘வென்’, ‘வைல்’, ‘ஆஃப்டர்’, ‘அன்டில்’ போன்றவை தொடங்கும் காலத் துணைவாக்கியத்தில் ஆங்கிலம் ‘வில்’ போடுவதில்லை, முதன்மை வாக்கியத்தில் ஒருமுறை சொன்னால் போதும் என்று விடுகிறது. விதியாகச் சொல்வதைவிட, முளை அடிக்கும் பகுதிக்கு ‘வில்’ வேண்டாம், முளையில் கட்டப்படும் பகுதிக்கு மட்டும் வேண்டும் என்று சொன்னால் அதே கருத்து முன்பு கற்றதோடு இணைந்துவிடுகிறது.

இந்த டென்ஸுக்கு நான் நடத்தியவற்றில் மிகுந்த பலன் தந்த பயிற்சி, இருவர் தம் நாட்குறிப்பை ஒருவருக்கொருவர் காட்டாமல் சந்திப்புக்கு நேரம் குறிப்பது. இது ஆங்கில ஆசிரியர்களிடையே பரவலாகப் புழங்குவதுதான். ஆனால் தாள்களைத் தயாரிக்கும்போது சில நுணுக்கங்களைக் கவனிக்காவிட்டால் இலக்கு வடிவம் வெளியே வராது. முதலாவது, வேலைகளை நேரப் புள்ளிகளாக எழுதக் கூடாது; ‘4 மணி: பல் மருத்துவர்’ என்று எழுதினால் மாணவர் ‘ஐ வில் கோ டு தி டென்டிஸ்ட்’ என்றே சொல்வார். ‘3.30 முதல் 5 வரை: நேர்காணல்களை நடத்துதல்’ என்று நீளத்தோடு எழுதினால், ‘கேன் யூ கம் அட் ஃபோர்?’ என்ற கேள்வி அந்த நீளத்தின் நடுவில் போய் விழும், ‘நோ, ஐல் பி இன்டர்வியூயிங் பீப்பிள்’ என்ற பதில் தானாக வரும். இரண்டாவது, இருவருக்கும் பொதுவான ஓய்வு நேரம் வாரத்தில் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும், அதுவும் வாரக் கடைசியில் இருக்க வேண்டும். முதல் நாளிலேயே ஒத்துப்போய்விட்டால் பயிற்சி இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடும். மூன்றாவது, நாட்குறிப்பில் வினைகளை அல்லாமல் பெயர்ச்சொற்களையே எழுதுவது மேல், ஏனெனில் ‘இன்டர்வியூயிங்’ என்று எழுதிக் கொடுத்தால் மாணவர் அதை வாசிக்க மட்டுமே செய்வார்.

பயிற்சி நடக்கும்போது சிலர் ‘ஐ அம் ஹேவிங் அ மீட்டிங் அட் ஃபோர்’ என்று பிரசன்ட் கன்டினியுவஸில் சொல்வார்கள். இதைப் பிழை என்று திருத்தும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன், அது அநியாயம். முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்ட சந்திப்பை அந்த வடிவத்தில் சொல்வது முற்றிலும் இயல்பான ஆங்கிலம். வேறுபாடு எங்கே என்றால், ‘ஐ அம் மீட்டிங் ஹிம் அட் ஃபோர்’ என்பது சந்திப்பு நான்கு மணிக்குத் தொடங்குகிறது என்ற ஏற்பாட்டைச் சொல்கிறது. ‘அட் ஃபோர் ஐல் பி இன்டர்வியூயிங் பீப்பிள்’ என்பது நான்கு மணிக்கு எட்டிப் பார்த்தால் நான் எதன் நடுவில் இருப்பேன் என்பதைச் சொல்கிறது. இரண்டையும் பலகையில் எழுதி, வகுப்பே வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுவேன்.

தமிழ் மாணவர்களுக்கே உரிய ஒரு சிக்கலைப் பொதுவான பாடநூல்கள் சொல்வதில்லை. ‘விமான நிலையத்தில் என்னை எப்படி அடையாளம் காண்பீர்கள்?’ என்ற கேள்விக்குத் தமிழில் ‘நீலச் சட்டை அணிந்திருப்பேன், வாசலுக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன், கையில் குடை பிடித்திருப்பேன்’ என்போம். இவற்றில் ‘கொண்டு’ இல்லை. ஆகவே மாணவர் தொடர்வினையைத் தேடாமல், ‘வந்திருப்பார்’ என்பதை ‘வில் ஹேவ் கம்’ என்று பழகிய பழக்கத்தில், ‘ஐ வில் ஹேவ் வோர்ன்’, ‘ஐ வில் ஹேவ் ஸ்டுட்’ என்று சொல்லிவிடுகிறார். ஆங்கிலத்தில் அணிதல், உட்காருதல், நிற்றல், படுத்தல், கையில் பிடித்தல் போன்ற நிலைகள் நீடிக்கும்வரை அவை ‘வில் பி வேரிங்’, ‘வில் பி சிட்டிங்’, ‘வில் பி ஹோல்டிங்’ என்றுதான் வரும். தமிழில் ‘அணிந்துகொண்டிருப்பேன்’ என்றால் சட்டையை மாட்டும் செயலின் நடுவில் இருப்பதாகப் பொருள் வருவதால், நாம் இயல்பாகவே அதைத் தவிர்க்கிறோம். ஆக, ‘இருப்பேன்’ என்று முடியும் ஒரே தமிழ் வடிவம் ஆங்கிலத்தில் இரண்டு வழிகளில் பிரிகிறது. செயல் முடிந்து அந்த நிலை இன்னும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தால் ஒரு வழி. செயல் முடிந்துவிட்டது என்பதே செய்தியாக இருந்தால் மற்றொரு வழி. இதற்கென்றே, முன்பின் பார்த்திராத இருவர் கூட்டமான ஓர் இடத்தில் சந்திப்பதற்காகத் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் நாடகத்தை நடிக்க வைக்கிறேன். அணிதல், நிற்றல், ஏந்துதல் ஆகியவை இல்லாமல் அந்த உரையாடலை நடத்தவே முடியாது.

இனி, இந்த டென்ஸில் நான் மிக முக்கியம் என்று கருதும் பயன்பாட்டுக்கு வருகிறேன். ‘வில்’ என்பதற்குள் விருப்பமும் உறுதிமொழியும் மறைந்திருக்கின்றன. ‘வில் யூ கம் டுமாரோ?’ என்று கேட்டால், கேட்பவர் காதில் அது அழைப்பாகவோ வேண்டுகோளாகவோ விழலாம். ‘வில் யூ பி கமிங் டுமாரோ?’ என்று கேட்டால், உங்கள் திட்டம் ஏற்கெனவே என்னவாக இருக்கிறதோ அதைத் தெரிந்துகொள்ள மட்டுமே கேட்கிறேன், உங்களை நிர்ப்பந்திக்கவில்லை என்ற பொருள் வருகிறது. ‘வில் யூ பி யூசிங் தி புரொஜெக்டர் திஸ் ஆஃப்டர்நூன்?’ என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் அந்தக் கருவி வேண்டும். அதை நேரடியாகக் கேட்காமல், மற்றவரின் திட்டத்தை முதலில் விசாரித்து, மறுக்க வசதியாக வழியும் விட்டுவைக்கிறார். தொடர்வினை வடிவம் இங்கே நடந்துகொண்டிருத்தலைக் குறிப்பதே இல்லை; ‘வில்’ என்பதிலிருக்கும் விருப்பத்தின் கூர்மையை மழுக்குவதுதான் அதன் வேலை. முளை விதி இங்கே செல்லாது என்பதையும் மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவர்களே கண்டுபிடித்துக் கேட்பார்கள்.

எதிர்மறையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். விடுப்பு எடுக்கும் ஊழியர் ‘ஐ வில் நாட் கம் டு தி ஆஃபீஸ் டுமாரோ’ என்று மேலாளருக்கு எழுதினால், அதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் படிப்பவருக்கு அது மறுப்பாகத் தோன்ற இடமிருக்கிறது. ‘ஐ வோண்ட் பி கமிங் இன் டுமாரோ’ என்று எழுதினால் வராமை ஒரு செய்தியாக மட்டும் நிற்கிறது. இதை எவ்வளவு விளக்கினாலும் தலையாட்டிவிட்டு மறந்துவிடும் மாணவர்கள், ‘வர மாட்டேன்’ என்பதையும் ‘நாளை வருவதற்கில்லை’ என்பதையும் ஒரு மேலதிகாரியிடம் சொல்லிப் பார்க்கச் சொன்னதும் சட்டென்று நிமிர்ந்து உட்காருகிறார்கள். அலுவலக மின்னஞ்சல் எழுதுபவர்களுக்கு இந்த ஒரு பகுதி, இந்த டென்ஸின் மற்ற எல்லாப் பகுதிகளையும்விடப் பயன்படும் என்பது என் கணிப்பு.

உதவ முன்வரும்போதும் இதே வடிவம் கைகொடுக்கிறது. ‘ஐல் பி பாஸிங் தி லைப்ரரி எனிவே, ஷல் ஐ ரிட்டர்ன் யுவர் புக்ஸ்?’ என்ற வாக்கியத்தில், உங்களுக்காக நான் தனியாக மெனக்கெடப் போவதில்லை, எப்படியும் அந்தப் பக்கம் போகத்தான் போகிறேன் என்ற நயம் இருக்கிறது. வாடிக்கையாளர் சேவையிலும் விமான அறிவிப்புகளிலும் ‘வி வில் பி லேண்டிங் ஷார்ட்லி’ என்று கேட்பது இந்த வகையைச் சேர்ந்ததே. விமானி தன் விருப்பத்தால் இறக்கப் போவதாக அறிவிக்கவில்லை, ஒழுங்குப்படி நடக்கவிருப்பதைத் தெரிவிக்கிறார். வகுப்பில் நான் செய்வது எளிது: ‘வில் யூ’ என்று தொடங்கும் கேள்விகளைச் சீட்டுகளில் எழுதி, யாரிடம் கேட்கிறோம் என்பதையும் தனிச் சீட்டுகளில் எழுதி, இரண்டையும் சேர்த்து எடுக்கச் சொல்வேன். நெருங்கிய நண்பரிடம் ‘வில் யூ பி ஹெல்பிங் மி?’ என்று கேட்டால் விசித்திரமாக இருக்கும். உதவிதான் வேண்டும் என்றால் ‘வில் யூ ஹெல்ப் மி?’ என்று நேராகவே கேட்க வேண்டும். மென்மையான வடிவம் எங்கும் பொருந்தும் என்று அவர்கள் நினைத்துவிடாமல் இருக்க இந்த எதிர்மாறான சீட்டுகளும் தேவை.

மிகைப் பயன்பாடு மற்றொரு பெரிய பகுதி. ‘ஐ வில் பி நோயிங் தி ரிசல்ட் டுமாரோ’, ‘ஷி வில் பி ஹேவிங் அ கார்’ போன்ற வாக்கியங்களை வாரந்தோறும் திருத்துகிறேன். அறிதல், நம்புதல், உடைமையாக வைத்திருத்தல், புரிந்துகொள்ளுதல் போன்ற நிலைவினைகள் பொதுவாகத் தொடர்வடிவம் ஏற்பதில்லை. பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, ஒருவரைப் பார்த்து ‘இவர் இப்போது இதைச் செய்துகொண்டிருக்கிறார்’ என்று படம் பிடிக்க முடியுமா என்று கேட்பது ஓரளவு உதவும். முழுமையாக உதவாது, ‘ஹேவிங் டின்னர்’ சரி, ‘ஹேவிங் அ கார்’ தவறு என்பதற்கு, ஒரே சொல் உண்ணுதலையும் உடைமையையும் குறிக்கிறது என்று விளக்கியே ஆக வேண்டும்.

பழக்கத்தைச் சொல்லும் தமிழ் எதிர்காலமும் இங்கே வந்து சேர்கிறது. ‘அவர் எப்போதும் எதையாவது படித்துக்கொண்டே இருப்பார்’ என்பது எதிர்காலத்தைப் பற்றியதே இல்லை. அவருடைய இயல்பைச் சொல்வது. மாணவர் அதை ‘ஹி வில் பி ரீடிங் சம்திங் ஆல்வேஸ்’ என்கிறார். ஆங்கிலம் இயல்பாக ‘ஹி இஸ் ஆல்வேஸ் ரீடிங் சம்திங்’ என்று நிகழ்காலத்தில் சொல்கிறது. ‘சிறு வயதில் பாடிக்கொண்டே இருப்பாள்’ என்று நாம் கடந்த காலப் பழக்கத்துக்கும் இதே வடிவத்தைப் பயன்படுத்துவதால், அங்கேயும் ‘வில்’ நுழைந்துவிடும். தமிழ் வாக்கியத்தில் எதிர்கால வடிவம் கண்டதும் கைவைக்காமல், இது நடக்கவிருப்பதா, ஊகமா, வழக்கமா, பழைய நினைவா என்று முதலில் பிரிக்கும் பயிற்சியைத் தனியாக வைக்கிறேன். தமிழிலேயே நடக்கும் இந்தப் பயிற்சியில் ஆங்கிலம் ஒரு சொல்கூட வராது. ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்று சொல்பவர்களோடு நான் வேறுபடும் இடங்களில் இதுவும் ஒன்று.

‘பை’, ‘அட்’ குழப்பத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஐந்து மணிக்குள் முடிந்திருக்கும் என்றால் ‘பை ஃபைவ்’ என்று தொடங்கி ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் வரும். ஐந்து மணிக்கு நடந்துகொண்டிருக்கும் என்றால் ‘அட் ஃபைவ்’ என்று தொடங்கி இந்த வடிவம் வரும். ‘மணிக்குள்’, ‘மணிக்கு’ என்ற வேறுபாடு தமிழில் தெளிவாக இருப்பதால், ஒரு முறை காட்டினால் போதும்.

தேர்வு முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடைப்புக்குறிக்குள் வினையைக் கொடுத்து, எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே டென்ஸே விடையாக வரும் தாள், மாணவருக்கு ‘இங்’ ஒட்டத் தெரியுமா என்பதை மட்டுமே சோதிக்கிறது. அதற்குப் பதிலாக இரண்டு வடிவங்களும் இலக்கணப்படி சரியாக இருக்கும் வாக்கியங்களைக் கொடுத்து, எந்தச் சூழலில் யார் யாரிடம் எதைச் சொல்வார் என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ ஓரிரு வரியில் எழுதச் சொல்கிறேன். திருத்த அதிக நேரம் எடுக்கிறது, மதிப்பெண் போடுவதும் சிரமம். ஆனாலும் யாருக்கு எது புரியவில்லை என்பது அதில்தான் தெரிகிறது. பேச்சில் வரும் பிழைகளை அந்த இடத்திலேயே வெட்டித் திருத்துவதில்லை. உரையாடல் முடிந்ததும் கேட்டவற்றைப் பெயர் குறிப்பிடாமல் பலகையில் எழுதினால், பெரும்பாலானவற்றை வகுப்பே திருத்திவிடும்.

எந்த நிலையில் கற்பிப்பது என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. ஐரோப்பிய கவுன்சில் (கவுன்சில் ஆஃப் யூரோப்) 2001இல் வெளியிட்ட, மொழித்திறனை அளக்கும் ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு நிலைகளைக் கொண்டு பார்த்தால், இந்த வடிவம் வழக்கமாக நடுவிலுள்ள பி1, பி2 நிலைகளில் வைக்கப்படுகிறது. ஊகத்தையும் நேர முளையையும் பி1 நிலையிலேயே கொடுத்துவிட்டு, திட்டம் விசாரிக்கும் பயன்பாட்டைச் சில மாதங்கள் கழித்து, கடிதமும் தொலைபேசி உரையாடலும் பாடமாக வரும்போது சேர்க்கிறேன். இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுத்தால், முளை வேண்டும் என்ற விதியும் வேண்டாம் என்ற விதிவிலக்கும் மோதிக்கொண்டு இரண்டும் நிலைப்பதில்லை.

சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். ‘ஐ வில் ஹேவ் பின் ஒர்க்கிங்’ என்ற வடிவம் பன்னிரண்டு கட்ட அட்டவணையில் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அதே பாடத்தில் கொண்டுவருவதில்லை. ஓராண்டு நிறைவு, பணி ஓய்வு போன்ற கணக்குச் சொல்லும் தருணங்களைத் தவிர அதற்கு வேலை குறைவு. ‘தி ரோட் வில் பி பீயிங் ரிப்பேர்டு’ என்ற செயப்பாட்டு வடிவத்தைச் சில இலக்கணப் பயிற்சி ஏடுகள் மாற்றி எழுதச் சொல்லிக் கேட்கின்றன. அதை யாராவது கொண்டுவந்து காட்டினால், அப்படி ஒரு வடிவம் இருக்கிறது, ஆங்கிலம் பேசுபவர்களே அதைச் சுற்றி வேறு வழியில் போய்விடுவார்கள் என்று சொல்லி, ‘தே வில் பி ரிப்பேரிங் தி ரோட்’ என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.